பிள்ளை பிடிக்கிறவளின் நோட்டு

என்னை ஒருமுறை, பிள்ளை பிடிக்கிறவள் என்று திருவொற்றியூரில் பிடித்து வைத்திருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்திப் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. மரியாதைக்காக விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் புது நோட்டுமாகக் களத்துக்குக் கிளம்பும் உங்களுக்கு அதை நானே சொல்லிவிடுகிறேன். என் கட்டுரைகளை நீங்கள் படிக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் முழுகும். பிடித்து வைத்தவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சின்னப் பிள்ளைகள் இடங்களை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பது நம் வேலை. எது கிழக்கு, எது தூரம், எது நம்ம தெரு, எது போகக் கூடாத தெரு என்பதெல்லாம் ஆறேழு வயதில் அவர்கள் தலைக்குள் எப்படியோ ஏறிவிடுகிறது. தேர்வு வைத்து அதை அளக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாம் மானிடவியல் படித்தவர்கள். கூடவே சுற்றுவோம், பார்ப்போம், எழுதுவோம். சும்மா இருப்பதற்குச் சம்பளமா என்று என் மாமியார் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பள்ளி கடலை ஒட்டி இருந்தது. வாசலில் நின்றால் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது தெரியும். அதற்கு அந்தப் பக்கம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல், கல்லுக்கு அந்தப் பக்கம் கடல். இரண்டாம் வகுப்பு ஆசிரியை பெயர் பிரமிளா. தற்காலிக வேலை, வருடா வருடம் ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டும். கணவருக்கு லாரி வேலை போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. வீடு பிரமிளாவின் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வகுப்பைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்திருக்கிறார். "நம்ம ஊருக்குக் கிழக்கே என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். மொத்த வகுப்பும் ஒரே குரலில் "எண்ணூர்!" என்றது. எண்ணூர் வடக்கே இருக்கிறது. சரி, கடல் எந்தத் திசை என்று கேட்டிருக்கிறார். "பின்னாடி!" என்று கத்தியிருக்கிறார்கள். அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கி எழுகிற பிள்ளைகள். அதிகாரி ஆடிப்போய்விட்டார். ஆசிரியை தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்று எழுதிவைத்தார். ஆனாலும் நல்ல மனிதர், முடிவெடுக்குமுன் எங்கள் நிறுவனத்திடம் கேட்டார்: கோளாறு பிள்ளைகளிடமா, ஆசிரியையிடமா? பார்த்துச் சொல்ல என்னை அனுப்பினார்கள். என் அறிக்கையில்தான் பிரமிளாவின் ஏப்ரல் இருந்தது.

ஒரு வகுப்பு முழுவதும் ஒரே தப்பைச் செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். இது நம் தொழிலின் அரிச்சுவடி. எனக்கு அது உறைக்கவே இல்லை, ஏனென்றால் என்னிடம் ஒரு முறை இருந்தது. கையில் முறை வைத்திருப்பவர்களின் மூளை கொஞ்சம் கண்ணயர்ந்துவிடும்.

முறை இதுதான். பள்ளி விட்டதும் தினமும் ஒரு குழந்தையின் பின்னால் போக வேண்டும். வழி காட்டக் கூடாது, திருத்தக் கூடாது, முந்தக் கூடாது. "உங்க வீடு எங்க இருக்கு? இது எங்க போகுது?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். எனக்கு அதில் நடிப்பே தேவைப்படவில்லை. நான் மேற்கு மாம்பலத்துக்காரி. வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே எனக்கு எல்லாமே அயல்நாடு.

குழந்தைகள் பின்னால் போக வேண்டுமானால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிரமிளா முதல் நாளே கேட்டார். "லெட்டர் குடுத்தீங்கன்னா பசங்க கிட்ட குடுத்து அனுப்பிடறேன் மேடம். இங்க ஜனங்க கிட்ட சொல்லிட்டு செஞ்சா உயிரையே குடுப்பாங்க. சொல்லாம செஞ்சா பேஜாராயிடும்."

கடிதங்கள் அச்சாகி வர ஒரு வாரம் ஆகும். எனக்குப் பொறுமை இல்லை. "முதல்ல ஆரம்பிச்சிடுவோம் டீச்சர், கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கலாம்" என்றேன். ஏப்ரல் முடிவைக் கையில் வைத்திருப்பவளிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வார்? சரி என்றார். அந்தக் கடிதங்கள் பிறகு வந்தன. என் பையிலேயே கிடந்தன.

மூன்று வாரம் பகலில் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன், பள்ளி விட்டதும் அவர்கள் பின்னால் சுற்றினேன். எனக்குக் கிடைத்த தகவல்களைப் பார்த்து எனக்கே புல்லரித்தது. எந்தக் குழந்தையும் நேராக வீட்டுக்குப் போகவில்லை. தண்ணீர் டேங்க், வலை பின்னுகிற கொட்டகை, ஐஸ் பேக்டரி, மாதா சிலை வைத்த கெபி, நாய் குட்டி போட்ட சந்து என்று ஊரையெல்லாம் சுற்றுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று அதன் பெயரைச் சொல்வார்கள். சிலர் இரண்டு தடவை சொல்வார்கள். கடைசியில், யாராக இருந்தாலும், தேரடி பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் பஸ் ஏறும்வரை அங்கேயே நிற்பார்கள்.

நான் அதிலிருந்து ஒரு தத்துவமே கட்டிவிட்டேன். இந்தக் கரையோரக் குழந்தைகளுக்கு இடம் என்பது நேர்கோடு அல்ல, வட்டம். வீடு அவர்களுக்கு மையம் அல்ல, போக்குவரத்துதான் மையம். அதனால்தான் திசை குழம்புகிறது. எங்கள் நிறுவனத்தில் எனக்கு மேலே இருந்த பேராசிரியருக்கு போன் செய்தேன். "வட்டப் புவியியல்!" என்று அவர் அங்கே கூவினார். கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டோம்.

அன்று டெய்சியின் முறை. ஏழு வயது, இரட்டைச் சடை, முன்பல் இரண்டு இல்லை. மூணே முக்காலுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். லாரி வரிசைக்கு நடுவே ரோட்டைத் தாண்ட வைத்தாள். "டிரைவர் எறங்கி டீ குடிச்சிகினு கீறாரா பாத்துக்கணும் ஆன்ட்டி. அந்த லாரிக்கு முன்னால பூந்து போலாம். ஆள் உள்ள கீற லாரிக்கு முன்னால போவவே கூடாது" என்றாள். நான் பரவசமாக எழுதிக்கொண்டேன். கல் கொட்டிய கரையைக் காட்டிவிட்டு மறுபடி இந்தப் பக்கம் அழைத்துவந்தாள். வெயில் தாங்கவில்லை. ஒரு மளிகைக் கடையில் அவளுக்குக் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். எதுவும் வாங்கிக் கொடுக்கக் கூடாது என்பதும் விதிதான். ஒரு விதியை மீறியவளுக்கு இரண்டாவது பெரிதாகத் தெரியாது.

அந்த வாரம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்ததாம். நடுத்தர வயதுப் பெண்கள் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்று. ஊரில் எல்லோரும் பார்த்திருந்தார்கள், ஊரை ஆராய வந்தவளைத் தவிர.

கடைக்கார அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். ஐஸைக் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெனமும் ஒரு பிள்ளைய கூட்டிட்டு இந்த வழியா போறிய. நேத்து ஒரு பையன், முந்தாநாள் வேற பிள்ள. யாரும்மா நீங்க?" என்றார். நான் சிரித்துக்கொண்டே, ஆராய்ச்சி செய்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த நோட்டக் கொஞ்சம் குடுங்க" என்று கையை நீட்டினார். பக்கத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். யாரோ ஓடிப்போய் டெய்சியின் அம்மா விமலாவை மீன் ஏலக் கூடத்திலிருந்து அழைத்துவந்தார்கள். விமலா வந்த வேகத்தில் டெய்சியை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். நான் எழுதிய வாக்கியங்களை நானே முதன்முதலாகக் காதால் கேட்டது அன்றுதான்.

"டெய்சி. வயது ஏழு. மூணே முக்காலுக்குக் கிளம்புகிறாள். டேங்க் வரை தனியாகத்தான் போகிறாள். அம்மா ஐந்தரைக்கு மேல்தான் வருவார்."

கூட்டம் "ஆங்" என்றது.

"கையைப் பிடித்தால் தயங்காமல் வருகிறாள். ஐஸ் பேக்டரிச் சந்தில் பெரியவர்கள் கண்ணில் படுவதில்லை."

கூட்டத்தில் யாரோ என் பையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கார்த்திக். இவன் வேகமாக ஓடுகிறான். அடுத்த முறை கவனம் தேவை." அண்ணாச்சி பக்கத்தைத் திருப்பினார். "ஏ, மேப்பெல்லாம் போட்டு வச்சிருக்காவளே!"

இதைப் படித்தால் நானே என்னைப் போலீசில் பிடித்துக் கொடுத்திருப்பேன். நல்ல களக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அதற்கு ஒரு குறையும் இல்லாத நோட்டு அது. பிள்ளை பிடிக்கிறவள் ஒருத்தி ஒழுங்காக வேலை பார்த்தாலும் அதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது.

"நான் மானிடவியல் ஆராய்ச்சியாளர்" என்றேன்.

"இன்னாது?" என்றார் விமலா.

"மனுஷங்க எப்படி வாழறாங்கன்னு ஆராயற படிப்பு."

"நீ ஆராய்றதுக்கு எங்க வூட்டுப் புள்ளதான் கெட்சுதா? உங்க ஏரியால மனுசங்களே இல்லியா?"

இன்றுவரை நல்ல பதில் கிடைக்காத கேள்வி அது. கூட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒருவர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். வாயில் வந்ததைச் சொன்னேன். "டீச்சர்தாங்க அனுப்பினாங்க. பிரமிளா டீச்சர். அவங்களக் கேளுங்க."

சொன்ன நொடியில் என்னைச் சுற்றியிருந்த இறுக்கம் தளர்ந்தது. கோபம் அப்படியே திசை மாறியது. "டீச்சரா? அவங்கள இட்டுகினு வாங்கடா!" என்று இரண்டு பேர் பள்ளிக்கு ஓடினார்கள். நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிரமிளா வந்தார். முகம் வெளுத்திருந்தது. கூட்டத்தையும் அண்ணாச்சி கையில் இருந்த என் நோட்டையும் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. விமலா கேட்டார்: "எங்கள ஒரு வார்த்த கேக்காம புள்ளைங்கள இந்தம்மா கூட அனுப்ச்சியா டீச்சர்?"

"ஆமாக்கா. நான்தான் அனுப்பிச்சேன். உங்க கிட்ட கையெழுத்து வாங்கல. தப்புதான்."

அவ்வளவுதான். என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. நான் சொல்லித்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "இல்லைங்க. டீச்சர் முதல் நாளே லெட்டர் கேட்டாங்க. நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன். லெட்டரெல்லாம் என் பையிலதான் இருக்கு, பாருங்க." பையைப் பிடித்துக்கொண்டிருந்தவரே அதைத் திறந்து கடிதக் கட்டை எடுத்தார். சுற்றிய ரப்பர் பேண்டுகூடப் பிரிக்காமல் இருந்தது.

விமலா அதைப் பார்த்துவிட்டு மகளை முன்னால் இழுத்தார். "பயப்படாம சொல்லு. இந்தப் பொம்பள உன்ன எங்க இட்டுகினு போனா?"

டெய்சி ஐஸ் குச்சியை வாயிலிருந்து எடுத்தாள். "அவங்க எங்க இட்டுகினு போவாங்கம்மா? அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. நான்தான் அவங்கள பஸ் ஸ்டாண்டுக்கு இட்டுகினு போறேன்."

"இன்னாது?"

"அவங்களுக்கு வழி மறந்து போச்சும்மா. டெய்லி இது எங்க போவுது, அது எங்க போவுதுன்னு கேட்டுகினே இருப்பாங்க. காட்டுனா எழுதிப்பாங்க, மறுநாள் மறுபடி கேப்பாங்க. வயசாயிட்சில்ல, பாவம். தொலைஞ்சி பூடுவாங்கன்னு தெனம் ஒருத்தரு பஸ் ஏத்தி வுடணும்னு க்ளாஸ்ல பேசிகினோம். நேத்து கார்த்திக்கு. இன்னிக்கு நானு."

"அதுக்கு எதுக்குடி ஐஸ் பேக்டரி பக்கம் சுத்துறீங்க? இப்பிடியே நேரா போனா தேரடி."

"எல்லா எடமும் காட்னா ஞாபகம் வருமான்னு பாத்தோம். வர்ல."

முதலில் அண்ணாச்சிதான் சிரித்தார். பிறகு தண்ணீர் பிடித்த பெண்கள். என் தோளைத் தள்ளியவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூன்று வாரமாகக் குழந்தைகள் எப்படி இடம் கற்கிறார்கள் என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவர்கள் எனக்குப் பாடம் நடத்தி, தேறாத கேஸ் என்று முடிவுக்கும் வந்துவிட்டார்கள். வட்டப் புவியியல் அந்தக் கடை வாசலிலேயே செத்துப்போனது. நான் பதிவு செய்தது அவர்கள் போகும் வழியே இல்லை, தொலைந்துபோன ஒரு கிழவியைப் பத்திரமாக அனுப்பிவைக்கும் வழி.

விமலா மட்டும் சிரிக்கவில்லை. "கேட்டிருந்தா கையெழுத்து போட்டிருப்பேன். கேக்கலியே நீ. நோட்டு என்னாண்ட இருக்கட்டும். நாளைக்கு ஸ்கூல்ல பேசிக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை பள்ளியில் பெற்றோர் கூடிவிட்டார்கள். யாரோ சொல்லி அதிகாரியும் வந்துவிட்டார். எல்லோரும் இரண்டாம் வகுப்பறையில் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றோம். அதிகாரி பிரமிளாவைப் பார்த்து, "திசையே தெரியாத பிள்ளைங்களை ரோட்டுல வேற அனுப்பியிருக்கீங்க" என்றார். தன் கட்சியை நிரூபிக்க டெய்சியை எழுப்பினார். "கடல் எந்தப் பக்கம் இருக்கு, சொல்லு."

டெய்சி யோசித்தாள். "மேப்புலயா சார், நெசத்துலயா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"இல்ல சார். மேப்புல கடலு அந்தாண்ட, எண்ணூர் பக்கமா கீது. நெசத்துல பின்னாடி கீது."

அறையில் இருந்த அத்தனை பேரும், அதிகாரி உட்பட, திரும்பிப் பின்சுவரைப் பார்த்தோம். அதற்கு அப்பால் ரோடு, கல், கடல். கரும்பலகை மேற்குச் சுவரில் இருந்தது. அதன் பக்கத்தில் வரைபடம். பாடத்தில் வலப்பக்கம் கிழக்கு என்று சொன்னால், பிள்ளைகள் வலப்பக்கம் பார்ப்பார்கள். மேற்கே பார்த்து உட்கார்ந்தவனுக்கு வலப்பக்கம் எண்ணூர்தான். படத்தில் கடல் எண்ணூர்ப் பக்கம் இருந்தது, ஊரில் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியாமல் அவர்கள் இரண்டையும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே பெஞ்சில், அதே பக்கம் பார்த்து மூன்று வாரம் உட்கார்ந்திருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

"மேப்ப யாரு அங்க மாட்னது?" என்றார் விமலா.

பிரமிளா மெதுவாக, "கரும்பலகைக்குப் பக்கத்துலதான் மாட்டணும்னு ஆர்டர் மேடம்" என்று என்னிடம் சொன்னார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆர்டர் போட்டவர் அவர்தான்.

பெற்றோர்கள் பீரோவை நகர்த்தி வடக்குச் சுவரைக் காலி செய்தார்கள். படத்தை அங்கே மாட்டிவிட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார்கள். ஊருக்குக் கிழக்கே என்ன என்று அதிகாரி மறுபடி கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் வலப்பக்கம் கையைக் காட்டி, "கடல்!" என்றார்கள். அடுத்த கேள்வியும் அப்படியே. பிறகு பிள்ளைகள் அவரைக் கேட்க ஆரம்பித்தார்கள். மீஞ்சூர் எந்தப் பக்கம் என்பதில் அவர் கொஞ்சம் தடுமாறினார். கார்த்திக் திருத்தினான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அதிகாரி பேனாவை எடுத்தார். பாடத்தில் குற்றமில்லை, சரி. அனுமதி இல்லாமல் பிள்ளைகளை வெளியாளோடு அனுப்பியது யார் பொறுப்பு? அது எழுத்தில் வேண்டும். பள்ளி பொறுப்பு என்றால் பிரமிளாவின் ஏப்ரல் அத்துடன் முடிந்தது.

நான் வராந்தாவுக்கு வந்து பேராசிரியரைக் கூப்பிட்டேன். வட்டப் புவியியல் போன துக்கத்தில் இருந்தார். "கடையில வாயால சொன்னது போதும். எழுதிக் கொடுத்துடாதே. எழுத்து நிக்கும். தகவல் தொடர்புல ஒரு சின்னக் குழப்பம்னு போட்டுட்டு வா" என்றார். நம் துறையில் பலரைக் காப்பாற்றிய வாக்கியம் அது. யார் மேலும் விழாது. கடைசியில் சம்பளம் குறைந்தவர் மேல் தானாக விழும்.

உள்ளே போய் எழுதினேன். ஆசிரியை கடிதம் கேட்டார், நான் கொடுக்கவில்லை, காத்திருக்கச் சோம்பல்பட்டேன், பெற்றோரை நான்தான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். அதன் பலனாக ஒரு வருடம் எந்தப் பள்ளிக்குள்ளும் நுழையக் கூடாது என்று எனக்குத் தடை வந்தது. நிறுவன நூலகத்தில் பழைய அறிக்கைகளைத் தூசி தட்டி அடுக்கினேன். நல்ல வேலை, யாரும் கூட்டம் கூடிப் பிடிக்க மாட்டார்கள்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கையெழுத்து வாங்காமல் ஒரு குழந்தையின் பின்னால் ஓர் அடிகூட வைக்காதீர்கள். எழுதியதைத் தினமும் ஒருமுறை, அந்தக் குழந்தையின் அம்மாவாக நினைத்து, உரக்கப் படித்துப் பாருங்கள். நாம் அவர்களைப் பார்க்கும் நேரமெல்லாம் அவர்களும் நம்மைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் பாடம்தான், குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பயம் வரும்போது இந்தக் குறிப்பு எதுவும் ஞாபகம் வராது. பக்கத்தில் யார் பெயர் கைக்கு எட்டுகிறது என்று மட்டும்தான் நாக்கு தேடும்.

அன்று கிளம்பும்போது பிரமிளா வாசல்வரை வந்தார். ஏப்ரல் தப்பித்தது அவருக்குத் தெரியும். நன்றி சொல்வார் என்று நினைத்தேன், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"கடையில ஏன் மேடம் என் பேர சொன்னீங்க?"

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பயந்துட்டேன் டீச்சர்" என்றேன்.

"நானும்தான் மேடம் பயந்தேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.